ஸ்ரீராமன் சாரின் காது

ஸ்ரீராமன் சாருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று திருவள்ளூரில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பூக்கடையில் சொல்கிறார்கள், கோயில் வாசலில் சொல்கிறார்கள், ஒன்பது மணி ரயிலில்கூடச் சொல்கிறார்கள். "பாவம்பா, அந்தம்மா போனதும் மனுஷனுக்குக் காதும் போயிடுச்சு" என்று உச்சுக் கொட்டுகிறார்கள். அவர் காதில் ஒரு குறையும் கிடையாது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

என் பெயர் கல்பனா. பிறந்தது கடம்பத்தூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது மணவாள நகரில். திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் டைப்பிங் ஆபீஸ் இருக்கிறது. முதலாளி துளசிராமன். வேலை செய்கிறவர்கள் நான்கு பேர். அமெரிக்காவில் ரேடியோவிலும் இன்டர்நெட்டிலும் பேசுகிறவர்களின் பேச்சு காலையில் எங்களுக்கு வந்து சேரும். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். முன்பு முழுவதையும் நாங்களே அடித்தோம். இப்போது மெஷின் முதலில் அடித்துக் கொடுத்துவிடுகிறது, அதன் தப்பை நாங்கள் கேட்டுத் திருத்துகிறோம். எங்களுக்கு மேலே ஸ்ரீராமன் சார் எல்லாவற்றையும் இன்னொரு முறை கேட்டு, கடைசியில் 'எஸ்.ஆர்.' என்று தன் எழுத்தைப் போடுவார்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கமா தப்பு, ஊர்ப்பெயர் தப்பு எல்லாம் சின்னத் தப்பு. பொருளையே தலைகீழாக்குவது பெரிய தப்பு. ஒருவர் மூன்று பெரிய தப்பு செய்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது அமெரிக்கக் கம்பெனி போட்ட விதி, துளசிராமனால்கூட மாற்ற முடியாது. கோப்பு அவசரமாக முன்னாலேயே போய்விட்டாலும், பிறகு தப்பைக் கண்டுபிடித்தால் யார் செய்தது என்று எழுதி அனுப்புவது ஸ்ரீராமன் சார் பொறுப்பு. என் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. இரண்டையும் எழுதி அனுப்பியவர் அவர்தான். "மன்னிச்சுக்கோம்மா, தப்பு தப்புதானே" என்றார். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

எங்கள் தொழிலில் ஆளைக் கவிழ்க்கும் சொல் ஒன்று உண்டு. 'முடியும்' என்பதற்கு அவர்கள் 'கேன்' என்பார்கள். 'முடியாது' என்பதை நாம் பள்ளிக்கூடத்தில் 'கான்ட்' என்று படித்தோம். அமெரிக்காக்காரன் அதைக் 'கேன்ட்' என்கிறான், அந்தக் கடைசி 'ட்'டையும் விழுங்கிவிடுகிறான். ஆக, முடியும் என்பதும் முடியாது என்பதும் நம் காதுக்கு ஒன்றாகவே விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் எல்லோரும் இதில் அடிபட்டோம். ஸ்ரீராமன் சார்தான் ஒரு வழி சொன்னார். முடியும் என்றால் அந்தச் சொல் வாக்கியத்தில் நிற்காமல் ஓடிவிடும். முடியாது என்றால் ஒரு கணம் நின்று போகும். நின்றால் 'ட்' போடு, ஓடினால் விட்டுவிடு. அதை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைத்தேன்.

அவருக்கு அந்த வித்தையெல்லாம் தேவையே இல்லை. அவருடையது பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிக்கிற குடும்பம். கோஷ்டியாக நின்று பாடும்போது முதலடியை எடுத்துக் கொடுப்பது அவர்தான். பின்வரிசையில் யாராவது ஓர் எழுத்தைக் குறுக்கினால், திரும்பிப் பார்க்காமலே யார் என்று சொல்லிவிடுவார். விடியற்காலை கோயில், ஒன்பது மணிக்கு ரயில், ஒன்பதரைக்கு ஹெட்போன். நெற்றியில் திருமண் பளிச்சென்றிருக்க, அமெரிக்கக் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார். "எனக்கு ரெண்டும் ஒரே வேலைதாம்மா. சொன்னவா சொன்னபடி போய்ச் சேரணும், நடுவுல நான் எதையும் சேர்க்கப்படாது, குறைக்கப்படாது" என்பார். தன் காதைப் பற்றி மட்டும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, இருக்க வேண்டிய காதுதான்.

பதினோரு வருடமாக அவர் கேட்டுவந்தது ஹேவர்மேன் என்கிற ஒருவரின் பேச்சை. நடு அமெரிக்காவில் ஏதோ சின்ன ஊர், தினமும் மூன்று மணி நேரம் பேசுவார், லட்சக்கணக்கில் ஆட்கள் கேட்பார்கள். பழமையை விடக்கூடாது என்கிற கட்சி. சர்க்கார் சின்னதாக இருக்கணும், குடும்பம் பெரிதாக இருக்கணும். ஊருக்கு ஒரு சர்ச், தெருவுக்குப் பத்து நல்ல அண்டைவீட்டார் இருந்தால் பாதி சட்டம் வேண்டாம். உழைக்காமல் வாங்கித் தின்கிறவன் கெட்டுப்போவான். அடுத்தவன் நாட்டுச் சண்டைக்கு நம் பிள்ளையை அனுப்பாதே. வாசலும் கதவும் இல்லாவிட்டால் அது வீடு இல்லை, சத்திரம். இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்வார், ஆனால் கேட்கிற மாதிரிச் சொல்வார். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஸ்ரீராமன் சார் கேட்டுக் கேட்டுத் தலையாட்டுவார். ரயிலில் அதே பேச்சு. ஒரு நாள் பெண்களுக்கு இலவச பஸ் விட்டது தப்பு என்று ஆரம்பித்தார், நான் அந்த பஸ்ஸில் இறங்கி வந்து உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில்.

"சும்மா கொடுத்தா மனுஷாளுக்கு ரோஷம் போயிடும்மா."

"சார், உங்க கோயில்ல காலைல பொங்கல் கொடுக்கறாங்களே, அத வாங்கி சாப்ட்டுதான வர்றீங்க? உங்க ரோஷம் எங்க போச்சு?"

"அது பிரசாதம்."

"எங்களுக்கு பஸ்ஸுதான் பிரசாதம். வேலையப் பாரு சார்."

பெட்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். அவரிடம் அது ஒரு குணம், சண்டை போட்டால் முகம் சுருங்காது. இன்னொரு நாள் அவர் வாசல் கதவைப் பற்றிச் சொன்னபோது நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "கதவு வோணும்தான் சார். உள்ள கீறவங்களுக்கு அது நல்லாதான் இருக்கும். உங்க தெருவுக்குள்ள எங்க தாத்தா செருப்பக் கைல எடுத்துக்கினு நடந்தாராம். அவரக் கேட்டா கதவப் பத்தி வேற மாதிரி சொல்வாரு" என்றேன். புட்லூர் போய், செவ்வாப்பேட்டை போய், வேப்பம்பட்டும் வந்தது. பிறகு, "நீ சொல்றது வாஸ்தவம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். இறங்கும்போது, "ஆனா ஹேவர்மேன் சொல்றதும் பொய்யில்லைம்மா" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார் என்று சொல்ல முடியாது. ஹேவர்மேன் பேச்சு மாறியது அவருக்குத் தெரிந்திருந்தது. "முன்னாடி சந்தையைத் திறந்து விடணும், யார் வேணா யாருக்கு வேணா விக்கட்டும்னு சொல்லிண்டிருந்தார். இப்போ வரி போட்டுக் கதவைச் சாத்தணுங்கறார். முன்னாடி ஊர் ஊராப் படை அனுப்பினதுக்குக் கைதட்டினார். இப்போ வேண்டாங்கறார்" என்பார். ஏன் மாறினார் என்றும் சொல்வார். ஹேவர்மேனுடைய அப்பா ஓர் இரும்பு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தாராம். வெளிநாட்டு வார்ப்படம் மலிவாக வந்து இறங்க, பட்டறையை மூடிவிட்டார்கள். அப்பா குடித்தே செத்தார். அதைச் சொன்ன அன்று ஹேவர்மேனின் குரல் உடைந்தது என்றார் ஸ்ரீராமன் சார், நேரில் பார்த்த மாதிரி.

எனக்கு அந்தக் கதையில் 'வெளிநாட்டு வார்ப்படம்' என்ற சொல் மட்டும் உறுத்தியது. என் வீட்டுக்காரர் அன்புராஜ் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் உலைக்கு முன்னால் நிற்கிறவர். அங்கே ஊற்றுகிற பம்ப் உறைகள் பாதிக்குமேல் அமெரிக்காவுக்குப் போயின. வாரம் முழுதும் அங்கேயே ரூமில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை வந்து தூங்கிவிட்டுப் போவார். போன வருடம் அமெரிக்காவில் வரியை ஏற்றினார்கள், ஆர்டர் நின்றது. ஆறு நாள் வேலை மூன்று நாளானது. கான்ட்ராக்டில் இருந்தவர்களை அனுப்பிவிட்டார்கள். ஹேவர்மேன் அந்த வரியைக் கொண்டாடி முக்கால் மணி நேரம் பேசினார். அதைத் திருத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். கமா விடாமல் திருத்தினேன்.

"அவன் அப்பன் பட்டறைக்கு எம் புருஷன் இன்னா சார் பண்ணுவாரு?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அவருக்கும் ஒரு ஊர் இருக்கு, உனக்கும் ஒரு ஊர் இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அவருடைய ஒரே பெண் கோதா டெக்சாஸில் இருக்கிறாள். அங்கேயே மேல்படிப்பு படித்து, வேலை கிடைத்து, வேலைக்கான விசாவில் ஆறு வருடமாக இருந்தாள். மனைவி ஸத்யபாமா மாமிக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த நிலையிலும் என் டிபன் டப்பாவை அவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லி, புளியோதரை வைத்துத் திருப்பி அனுப்பிய மனுஷி. எப்போது பார்த்தாலும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "கோதா எப்போ வரான்னு சொன்னாளா?" மறந்துபோய்க் கேட்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் சீக்கிரம் வருவாள் என்று ஒரு நினைப்பு.

போன செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டுவிட்டது. நாலைந்து நாள் தாங்கும், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோதா ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை நமக்கு விடியும்போது அங்கே புது உத்தரவு வந்தது. வேலை விசாக்காரர்களுக்கு ஏதோ பெரிய தடை. யாருக்கு, எப்போதிலிருந்து, ஒன்றும் தெளிவில்லை. ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் வெளியே போனால் திரும்ப வர முடியுமா? ஒருவர் முடியும் என்றார், ஒருவர் முடியாது என்றார். அவள் கம்பெனி, யாரும் நாட்டை விட்டு நகராதீர்கள் என்று கடிதம் அனுப்பியது.

கோதா அப்பாவைக் கூப்பிட்டாள். அவள் புருஷனுக்கு அப்போது வேலை இல்லை, குழந்தைக்கு இரண்டு வயது. "அப்பா, இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியலை. நீங்கதான் இவா பேச்சையெல்லாம் தினம் கேக்கறேள். நீங்க வான்னா வரேன், வேண்டாம்னா நிக்கறேன். ஞாயித்துக்கிழமை உங்க மத்தியானத்துக்குள்ள சொல்லுங்கோ" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அங்கே ஹேவர்மேன் சிறப்பு நிகழ்ச்சி நடத்தினார். விருந்தாளியாக ஒரு வக்கீல் வந்தார், முன்பு குடியேற்ற இலாகாவிலேயே பெரிய பதவியில் இருந்தவர். கோப்பு ஞாயிறு காலை எங்களுக்கு வந்தது. அவசரம் என்று துளசிராமன் என்னை மட்டும் வரச் சொன்னார். ஸ்ரீராமன் சார் ஆஸ்பத்திரியில். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

"கல்பனா, அந்த வக்கீல் வருவார். ஏற்கெனவே இருக்கறவாளைப் பத்தி என்ன சொல்றார்னு மட்டும் கேட்டுச் சொல்லு. அவர் சொன்னா சரியா இருக்கும். ஒரு சொல்லு பிசகாம கேளும்மா."

"நான் கேட்டு சொல்றேன் சார். நீங்க மாமியப் பாருங்க" என்றேன்.

அன்று காலை அன்புராஜ் வந்திருந்தார். வேலை மூன்று நாளிலிருந்து இரண்டு நாளாகிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த மனசோடுதான் வந்து உட்கார்ந்தேன். காதில் ஹேவர்மேன் சிரிக்கிறார், சந்தோஷமாகப் பேசுகிறார். நாற்பதாவது நிமிடத்தில் வக்கீலிடம் கேட்டார்: "அப்படியானால் ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் வெளியே போனால் திரும்ப வர முடியாது, அப்படித்தானே?"

வக்கீல் சொன்ன பதில் ஐந்தே சொல். "நோ, தே கேன் கம் பேக்." அல்லது, "நோ, தே கேன்ட் கம் பேக்." இல்லை, வர முடியும். அல்லது, இல்லை, வர முடியாது. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹேவர்மேன் குறுக்கே சிரித்தார், விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரத்துக்குப் பிறகு வேறு பேச்சு.

மெஷின் 'கேன்' என்று அடித்திருந்தது. நான் பெடலை விட்டு மறுபடி மிதித்துக் கேட்டேன். அந்தச் சொல் நின்றது. ஓடவில்லை, நன்றாகவே நின்றது. நின்றால் 'ட்'. மூன்றாவது முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தின் வாயிலிருந்து எங்களுக்கு நல்லது வராது என்று என் காது அன்று காலையிலேயே முடிவு கட்டியிருந்தது. மெஷினுக்கு என்ன தெரியும் என்று 'ட்' போட்டேன். கோப்பை அனுப்பினேன். போன் செய்தேன்.

"முடியாதுன்னுதான் சொல்றாரு சார். நல்லா கேட்டேன்."

"சரிம்மா" என்றார். பின்னால் மாமியின் குரல் மெல்லக் கேட்டது. கோதாவா, என்று.

கோதா வரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் வரைக்கும் மாமிக்கு நினைவு இருந்தது. நான் திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினார்கள். நர்ஸ் வந்தாலும் திருப்பினார்கள், நான் போனபோதும் திருப்பினார்கள், என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். செவ்வாய் சாயங்காலம் போய்விட்டார்கள். புதன்கிழமை அந்த ஊர் சர்க்காரே தெளிவாகச் சொன்னது: ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போய் வரலாம். ஞாயிற்றுக்கிழமை விமானம் திங்கள் ராத்திரி சென்னைக்கு வந்திருக்கும். கோதா அதைக் கணக்குப் போட்டுப் போட்டு அழுதாளாம். இனிமேல் வந்து யாரைப் பார்க்கப் போகிறேன் என்று காரியத்துக்கும் வரவில்லை.

நான் என்ன நினைத்தேன்? அந்த வக்கீல் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். பாவிகள், ஒரு குடும்பத்தைப் பிரித்தார்களே என்று ஹேவர்மேனைத் திட்டினேன். ஆபீஸிலும் திட்டினேன், ரயிலிலும் திட்டினேன். காரியம் முடிந்து ஸ்ரீராமன் சார் வேலைக்கு வந்தார். தலையை மழித்திருந்தார், ஆள் பாதியாகியிருந்தார். சேர்ந்துகிடந்த கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் ஹேவர்மேனைத் திட்டும்போது மட்டும், "விடும்மா, அவர் என்ன பண்ணினார்" என்றார். இன்னும் அந்த ஆளைத் தாங்குகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஜனவரியில் கோதா வந்தாள். திரும்பிப் போக முடியுமா என்கிற பயம் இப்போது இல்லை; டிக்கெட் எடுத்தாள், வந்தாள், அவ்வளவுதான். என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காபி கொடுத்தாள். அம்மாவின் முகம் அப்படியே. திடீரென்று அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, அந்த வக்கீல் பேட்டியை நான் தேடிக் கேட்டேன். பத்து தடவை கேட்டேன். அவர் 'கேன்'னுதான் சொல்றார். வர முடியும்னுதான் சொல்றார். என்கிட்ட முடியாதுன்னு ஏன் சொன்னேள்?"

டம்ளர் என் கையில் இருந்தது. சூடு உறைக்கவில்லை. ஸ்ரீராமன் சார் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாம்மா தப்பாக் கேட்டுட்டேன்" என்றார். "வயசாயிடுத்து. கொஞ்ச நாளாவே காது சரியாக் கேக்கலை. வெளில சொல்லிக்க வெக்கமா இருந்தது."

"அப்பா! உங்க காதா?"

"என் காதுதான்."

அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வரேன் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். த்தூ, நானும் ஒரு மனுஷி.

மறுநாள் சீக்கிரமே ஆபீஸுக்குப் போய் அந்தக் கோப்பை எடுத்தேன். கேட்டேன். நிற்கத்தான் நின்றது. ஆனால் 'ட்'டை விழுங்கும்போது அடைபடுவது போல் பேச்சு அங்கே அடைபடவில்லை, மூச்சு தொடர்ந்து அடுத்த சொல்லுக்குப் போனது. நீ சொல்வது தப்பு, அவர்களால் முடியும் என்று அந்த மனுஷன் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அழுத்திச் சொன்னால் 'முடியும்'கூட நிற்கும். அதை நான் யோசிக்கவில்லை.

கீழே பார்த்தேன். காரியம் முடிந்து வந்த மறுநாள் தேதியில் ஸ்ரீராமன் சார் அதைக் கேட்டிருக்கிறார். என் கமா இரண்டைத் திருத்தியிருக்கிறார். ஓர் ஊர்ப்பெயரில் எழுத்து மாற்றியிருக்கிறார். நாற்பதாவது நிமிடத்தில் நான் போட்ட 'ட்' அப்படியே இருக்கிறது. அதை எடுத்தால் என் பெயரை எழுதி அனுப்ப வேண்டும், மூன்றாவது பெரிய தப்பு. அன்புராஜுக்கு இரண்டு நாள் வேலை என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் 'எஸ்.ஆர்.' என்று இருந்தது. ஓர் எழுத்தைக் கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்றவர், தெரிந்தே தப்புக்குக் கீழே தன் எழுத்தைப் போட்டிருந்தார். பெண்டாட்டி போன பதினைந்தாம் நாள்.

கோதா ஊருக்குப் போகும் முன்னால் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பரிசோதனையில் அவர் கேட்ட சத்தத்துக்கெல்லாம் கேட்கவில்லை என்று கை காட்டியிருக்க வேண்டும், வேறெப்படி? இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஊர் பார்த்தது. முதலடி எடுத்துக் கொடுக்கிறவருக்குக் காது கேட்காமல் இருந்தால் எப்படி என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். அவர் இப்போது பின்வரிசையில், ஓரத்தில் நிற்கிறார். முன்னால் நிற்கிறவன் எழுத்தை விழுங்குகிறான் என்று கேள்வி.

நான் அவரிடம் சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டினேன். போன வாரம் திருநின்றவூர் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது சொல்லிவிட்டேன்.

"சார், அந்த 'ட்' நான் போட்டது. கோதாக்கு நானே போன் பண்ணி சொல்றேன். கோயில்லயும் வந்து சொல்றேன். இன்னா ஆனாலும் ஆவட்டும்."

"வேண்டாம்மா."

"ஏன் சார் வேணாம்? உங்க எடம் போச்சே."

"நீ சொன்னா என்ன ஆகும்? கோதா உன் பேரைச் சொல்லிச் சொல்லி ஆயுசுக்கும் வெந்துண்டிருப்பா. என் காதுன்னா, அப்பாக்கு வயசாயிடுத்துன்னு ஒரு நாள் விட்டுடுவா." ரயில் வருகிற பக்கம் பார்த்தார். "அன்னிக்கு நான் கேட்டிருக்கணும். நீ போன்ல ஓட்டிக் காட்டியிருந்தா அரை நிமிஷம். எனக்குத் தோணலை. பயத்துல இருந்தேன். அவா கதவைச் சாத்திடுவான்னு பதினோரு வருஷமாக் கேட்டுண்டே இருந்தேனே, சாத்தியாச்சுன்னு நீ சொன்னதும் நம்பிட்டேன். உனக்கு ஹேவர்மேன்மேல கோபம், எனக்குப் பக்தி. ரெண்டு பேருமே அந்த வக்கீல் சொன்னதைக் கேக்கலை."

"இன்னுமா சார் அந்தாளு பேச்சக் கேக்கறீங்க?"

"வேலையாச்சே. நேத்திக்கு, வேலை விசால வந்திருக்கற பசங்கள்ளாம் நல்லவாதான், ஆனா அவா ஆத்துக்குப் போகணும்னு சொன்னார். அடிச்சுக் கொடுத்தேன். சொன்னபடியே." பிறகு, "குடும்பம்தான் முதல்னு அவர் சொன்னதும் நிஜம்தாம்மா. எந்தக் குடும்பம்னு நான் கேட்டுக்கலை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

ரயில் வந்தது. ஏறி எதிரெதிரே உட்கார்ந்தோம். காது மெஷின் இரண்டும் அவர் சட்டைப்பையில் இருந்தன. ஆபீஸில் அவற்றைக் கழற்றிவிடுவார், ஹெட்போனுக்குள் கீச்சென்று கத்தும்; சத்தத்தை ஏற்றி வைத்துக் கேட்கிறேன் என்று துளசிராமனிடம் சொல்லியிருக்கிறார். வழியில் வழக்கமான வாதம் எதுவும் இல்லை. இலவச பஸ் இல்லை, கதவு இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பெண் நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்து போனில் மெதுவாக யாரிடமோ, "அம்மா, வந்துக்கினே கீறேன்மா" என்றாள். அவர் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். அத்தனை இரைச்சலில் எனக்கே பாதிதான் கேட்டது.

புட்லூர் தாண்டியதும் பையிலிருந்து மெஷின்களை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஊர் வந்துடுத்தும்மா" என்றார்.